தோலைச் செப்பனிடும் ஒளி

சிறு பிராயத்தில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் புகையச் செய்து களித்தவர் நம்மிற் பலர். நானும் அவர்களுள் ஒருவன். ஒளியைக் குவித்தால் சுடும் என்பதை அன்றே அறிந்தோம். ஆனால், சுடுகின்ற அவ்வொளியே வடுப்பட்ட முகத்தைச் செப்பனிடவும் வல்லது என்பதை நான் கனவிலும் எண்ணியதில்லை. அஃது எவ்வாறு கைகூடிற்று என்னும் வரலாற்றையே மாணவ நண்பர்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

முகச் சுருக்கத்தைப் போக்க வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பெற்ற எகிப்து நாட்டு மருத்துவ ஏடாகிய எபர்ஸ் பாப்பிரஸில் அதற்கான பூச்சு மருந்துகள் கூறப்பட்டுள்ளன. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் ஊனா, மேற்றோலை உரிக்கும் அமிலங்களைப் பற்றி எழுதினார். 1905-இல் அந்நாட்டுக் குரோமாயர் என்பார், சுழலும் கருவியால் தோலைத் தேய்த்தெடுக்கும் முறையைக் கையாண்டார். இவற்றின் அடிப்படை ஒன்றே: பழுதுற்ற மேற்றோலை அகற்றினால், உடல் தானே புதுத்தோலை வளர்த்துக் கொள்ளும். இடர்ப்பாடும் ஒன்றே: எவ்வளவு ஆழம் செல்வது என்பது பெரிதும் மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்திருந்தது. ஆழம் மிகுந்தால் பழைய வடு போய்ப் புதிய வடு வந்து சேரும்.

இந்நிலையில் லேசர் பிறந்தது. அதற்கான கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இலேயே வெளியிட்டிருந்தார். எனினும், 1960 மே 16-ஆம் நாளன்றுதான் கலிபோர்னியாவில் தியோடர் மைமன், ஒரு மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பிக் காட்டினார். சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியான் கோல்ட்மன், சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவ்வொளியைத் தோலின்மீது செலுத்தி ஆராய்ந்தார். நிறமுள்ள பகுதிகள் அதனை மிகுதியாக ஏற்பதையும் கண்டார்.

1964-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் மற்றொரு லேசர் உருவாயிற்று. அதனை ஆக்கியவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் கற்ற குமார் படேல் ஆவார். கரியமில வாயுவைக் கொண்டு அவர் அமைத்த அந்த லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், கண்ணுக்குப் புலனாகாதது. அதனைத் தண்ணீர் வெகு விரைவில் உட்கொள்ளும். நம் தோலிலோ தண்ணீரே மிகுதி. ஆகவே அக்கதிர் பட்ட இடத்திலுள்ள உயிரணுக்கள் கொதித்து ஆவியாகின்றன. தோலைச் சீவியெடுக்கக் கத்தி வேண்டாத ஒரு கருவி கிடைத்துவிட்டது.

ஆயினும் இடர் தீர்ந்தபாடில்லை. தொடர்ந்து பாயும் கதிரின் வெப்பம் அண்டையிலுள்ள நல்ல தோலுக்கும் பரவி, அங்கும் வடுவை உண்டாக்கிற்று. அமிலத்தினின்றும் தேய்ப்புக் கருவியினின்றும் தப்ப எண்ணியவர்கள், அதே துன்பத்தில் மீண்டும் வீழ்ந்தார்கள்.

இதற்கு வழி கண்டவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர். அவர்கள் 1983-இல் வெளியிட்ட கருத்து மிக எளியது. விளக்குச் சுடரின் ஊடே விரலை விரைந்து வீசினால் சுடுவதில்லை, தாமதித்தால் சுடும். அதுபோல, வெப்பம் அண்டைக்குப் பரவச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரத்துக்குள் ஒளியை நிறுத்திவிட்டால் அண்டைத் தோல் பிழைக்கும். இந்நெறியைப் பின்பற்றி 1990-க்குப் பின் வந்த கருவிகள், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஒளியைப் பாய்ச்சின. மெல்லிய ஏடாக மேற்றோல் நீங்கிற்று. அடியில் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் புதிதாக வளர்ந்து, சுருக்கங்கள் குறைந்தன. எனினும் சிலருக்கு முகச்சிவப்பு மாதக்கணக்கில் நீடித்தது. சிலருக்குச் சிகிச்சை பெற்ற இடம் பிற்பாடு வெளிறிற்று.

2004-இல் டீட்டர் மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலியோர் மற்றொரு படி ஏறினார்கள். முகம் முழுவதையும் சுடாமல், நுண்ணிய புள்ளிகளில் மட்டும் ஒளியைச் செலுத்தி, இடையிலுள்ள தோலைத் தீண்டாது விட்டார்கள். தீண்டாத தோலினின்றும் புது உயிரணுக்கள் விரைந்து வந்து காயத்தை மூடின. பின்னர்க் கரியமில வாயு லேசரிலும் இம்முறை புகுந்தது. தீக்காயத்தால் தோல் இறுகி, கைகால்களை அசைக்க இயலாது வருந்துவோருக்கும் இன்று இஃது உதவுகிறது. சுட்ட வடுவை, அளவறிந்து சுடும் ஒளியே இளக்குகிறது!

நம்மைப் போன்ற மாநிறத்தாரும் கருநிறத்தாரும் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளவேண்டும். நம் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதி. காயம்பட்ட இடத்தில் அது மேலும் சுரந்து, கரும்படை தோன்றக்கூடும். ஆகவே தேர்ந்த தோல் மருத்துவரிடமன்றி இச்சிகிச்சையைப் பெறுவது தகாது. நிறத்தை மாற்றும் ஆசையால் இதனை நாடுவதோ அறியாமையேயாகும். முதுமையையும் இது தடுத்து நிறுத்துவதில்லை. முகத்தை முதிரச் செய்வதில் வெயிலின் புற ஊதாக் கதிருக்குப் பெரும் பங்கு உண்டு. குடையும் நிழலும் தரும் காவலை எந்த லேசரும் தராது.

இவ்வரலாற்றில் நான் காணும் பாடம் ஒன்று உண்டு. ஒளியின் வலிமையைக் கண்டறிய நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. அதனை எப்பொழுது நிறுத்துவது, எந்த இடத்தைத் தொடாது விடுவது என்று கற்க மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. ஆற்றலைப் பெறுவது விஞ்ஞானத்தின் ஒரு பாதி. அதனை அடக்கியாளக் கற்பதே மறுபாதி.