யு-பூட்: போர்டுகளை எழுப்பிய கதையும் ஒரு செலவுக் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு பூட்லோடரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது மென்பொருள் கதை என்பதை விட செலவுக் கணக்கின் கதை என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படிப் பார்த்தால் இது நம்ம ஏரியாதான்.

முதலில் பூட்லோடர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு போர்டுக்கு மின்சாரம் கொடுத்த அந்த நொடியில் அதிலுள்ள பிராசஸருக்கு எதுவுமே தெரியாது. குறிப்பிட்ட ஒரு முகவரியில் இருக்கும் கட்டளையைப் படிக்கத் தொடங்கும், அவ்வளவுதான். ராம் மெமரி போர்டில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. எத்தனை வரிசை, எவ்வளவு வேகம், எத்தனை இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது அதன் கன்ட்ரோலருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வது பூட்லோடர். ஃபிளாஷ் சிப்பில் இருந்தபடியே ஓடி, ராமை எழுப்பி, தன்னையே அந்த ராமின் மேல்பகுதிக்கு நகலெடுத்துக்கொண்டு, அங்கிருந்து மிச்ச வேலையைத் தொடரும். கடைசியில் லினக்ஸ் போன்ற ஒரு சிஸ்டத்தை ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடும். கல்யாண வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டும் ஆள் மாதிரி. பந்தி பரிமாறும்போது அவரை யாரும் தேட மாட்டார்கள்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தத் தலைவலி குறைவு. 1981-ல் ஐபிஎம் பிசி வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் அதே அமைப்பைப் பின்பற்றியதால் பயாஸ் என்ற ஒரே ஏற்பாடு எல்லா இடத்திலும் செல்லுபடியானது. ரௌட்டர், தொழிற்சாலைக் கருவி, தொலைபேசி இணைப்பகம் இவற்றுக்குள் இருக்கும் போர்டுகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. ஒரே பிராசஸர் போட்ட இரண்டு போர்டுகளில்கூட மெமரி சிப் வேறு, ஃபிளாஷ் வேறு, சீரியல் போர்ட் வேறு. எனவே ஒவ்வொரு கம்பெனியும் தன் போர்டை எழுப்பத் தானே எழுத வேண்டியிருந்தது. அதாவது, ஒரே செலவை ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மோட்டோரோலாவின் பவர்பிசி 8எக்ஸ்எக்ஸ் வகைச் சிப்புகளுக்காக மேக்னஸ் டாம் என்பவர் '8எக்ஸ்எக்ஸ்ரோம்' என்ற சிறு பூட்லோடரை எழுதியிருந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் 1999-ல் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சிக்கல். எண்ணில் தொடங்கும் பெயரை அந்தத் தளம் ஏற்கவில்லை. அதனால் பெயர் 'பிபிசிபூட்' ஆனது. முதல் பொது வெளியீடு 2000 ஜூலையில் வந்தது.

அப்புறம் ஒரு பாகப்பிரிவினை. இதே நிரலை எடுத்து ஆர்ம் பிராசஸர்களுக்காக 'ஆர்ம்பூட்' என்று தனியாக ஒன்று கிளம்பியது. பங்காளிகள் பிரிந்தால் நம்ம ஊரில் கேஸ் முப்பது வருஷம் நடக்கும். இங்கே சீக்கிரமே சேர்ந்துவிட்டார்கள். 2002 நவம்பரில் இரண்டும் ஒன்றாகி, 'யு-பூட்' என்ற புதுப்பெயரில் 0.1 பதிப்பு வந்தது. 'யு' என்றால் யுனிவர்சல், எல்லாருக்கும் பொது. ஜெர்மன் மொழியில் யு-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். முழுப்பெயரான 'தாஸ் யு-பூட்', 'தாஸ் பூட்' என்ற புகழ்பெற்ற ஜெர்மன் படத்தை வைத்துச் செய்த குறும்பு. 2003-ல் மிப்ஸ் சிப்புகளும் சேர்ந்துகொண்டன.

ஒரு புது போர்டுக்கு இதைக் கொண்டுபோவது எப்படி? வழிமுறை மளிகைக்கடைத்தனமானது. உங்கள் போர்டுக்கு நெருங்கிய உறவான ஒரு போர்டை ஏற்கெனவே உள்ள பட்டியலில் தேடுங்கள். அதன் ஃபோல்டரை நகலெடுத்துப் பெயரை மாற்றுங்கள். பிறகு கான்ஃபிக் ஃபைலில் மெமரி எந்த முகவரியில், கடிகார வேகம் என்ன, எந்த சீரியல் போர்ட், ஃபிளாஷ் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். திரையில் முதல் எழுத்து வரும் வரை போர்டு உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. தப்பான நிரலை ஃபிளாஷில் எழுதிவிட்டால் போர்டு செங்கல்தான். அதை மீட்க ஜேடேக் கருவி வேண்டும்.

வணிகவியல் மாணவனான எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. யு-பூட்டின் ரீட்மீ ஃபைலில் இருந்த போர்ட்டிங் வழிகாட்டி ஒரு சி புரோகிராம் வடிவில் வேடிக்கையாக எழுதப்பட்டது. அதில் போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே காசுக் கணக்கு வந்துவிடும்! கெடு தேதிக்கு மூன்று வாரம் முன்பே அலாரம். அது அடித்தால் ஒரு குருவைக் கூலிக்கு அமர்த்து. ஆள்பலத்தை விடப் பணம் அதிகமா? ஆலோசகருக்குக் கொடுத்துவிட்டுப் போ. 2500 டாலருக்கு மேல் கையில் இருக்கிறதா? நல்ல டீபக்கர் கருவி வாங்கு. இல்லையா? நேரத்தையும் எரிச்சலையும் கூடச் சேர்த்துக்கொள். காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் போர்டு எழுந்துவிட்டது. எழுதிய மாற்றங்களைப் பொதுவில் சேர்ப்பீர்களா, வீட்டிலேயே வைத்துக்கொள்வீர்களா? யு-பூட் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. பொருளை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது மூலநிரலைத் தர வேண்டும். ஆனால் மூலத் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று உரிமம் சொல்லவில்லை. அது மனசைப் பொறுத்தது. பல கம்பெனிகள் ஒரு பழைய பதிப்பை எடுத்து, தங்கள் போர்டுக்குத் திருத்தி, அப்படியே நிறுத்திக்கொண்டன. அன்றைக்கு அது லாபம்தான். ஆனால் வெளியே மூலநிரல் நகர்ந்துகொண்டே இருந்தது. 2014-ல் கான்ஃபிக் முறையே லினக்ஸ் பாணியிலான கேகான்ஃபிக்குக்கு மாறத் தொடங்கியது. டிரைவர்கள் எழுதும் முறையும் மாறியது. தனியே வைத்திருந்தவர் புதுப்பதிப்புக்கு வர வேண்டுமானால் ஏறக்குறைய முதலிலிருந்து. நம் பாடத்தில் இதற்குப் பெயர் தேய்மானம். இயந்திரம் ஓடினால் தேயும். நிரல், பூட்டி வைத்தால் தேயும்.

பொதுவில் சேர்த்துவிட்டால் மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. கவனிக்க ஆள் இல்லாத போர்டுகளை யு-பூட் காலப்போக்கில் நீக்கிவிடும். இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட செய்தி: 2017-ல் 8எக்ஸ்எக்ஸ் பிராசஸர்களுக்கான ஆதரவே நீக்கப்பட்டது. எந்தச் சிப்புக்காக இந்தத் திட்டம் பிறந்ததோ, அதே சிப்! தாய்வீட்டையே இடித்த மாதிரி. ஆனால் அந்தச் சிப்பை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்க, அதே ஆண்டு அதன் ஒரு பகுதி திரும்ப வந்தது. பழம்பெருமை அதைக் காப்பாற்றவில்லை. பொறுப்பேற்ற ஒரு ஆள் காப்பாற்றினார்.

டெங்க் 2012-ல் தலைமைப் பராமரிப்பாளர் பொறுப்பை டாம் ரினியிடம் கொடுத்தார். 2022-ல் காலமானார். திட்டம் நிற்கவில்லை.

பொதுச்சொத்து என்றாலே யாரும் கவனிக்காமல் பாழாகும் என்று பொருளாதார வகுப்பில் சொல்கிறார்கள். யு-பூட் அதை முழுசாகப் பொய்யாக்கவில்லை. கவனிக்காத பகுதி அங்கேயும் பாழாகத்தான் செய்கிறது. ஆனால் யார் பெயரில் எந்தப் போர்டு என்று எழுதி வைத்து, பெயர் இல்லாததைக் கழித்து, பெயர் கொடுப்பவரைச் சேர்த்துக்கொண்டால் ஒரு பொதுச்சொத்து கால் நூற்றாண்டைத் தாண்டும் என்று காட்டியிருக்கிறது. நம்ம ஊர் ஏரிகளுக்கும் இப்படி ஒரு பேரேடு இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்களேன்.