இடப்பெயர்வும் உடல் எடையும்: கோபி வட்டாரம்

பிழைப்பு தேடி ஊர் மாறுவோருக்கு எடை கூடுவதும், அதையொட்டிச் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் வருவதும் உலகெங்கும் பதிவானவை. ஹோனலுலுவிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் குடியேறிய ஜப்பானியரைத் தாய்நாட்டில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 1960களில் தொடங்கிய ஆய்வு இதில் முன்னோடி. இதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து திருப்பூர் போனாலே போதும்.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் விளையும் மண் கோபியுடையது. நாற்று நடவும் களையெடுப்பும் உடம்பை நாள் முழுக்க வேலை வாங்கின. மேட்டாங்காட்டு வீடுகளில் கம்மஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளும் அன்றாடச் சாப்பாடு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர் தையல் மெஷின் முன் மணிக்கணக்கில் உட்கார்கிறார். ஓவர்டைம் முடிந்து, கம்பெனி வேனில் ஊர் திரும்பி, இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிடுகிறார். இடையில் பசியை அடக்குவது பேக்கரி டீயும் பப்ஸும். இதைச் சோம்பல் என்பது அநியாயம். வேலையின் அமைப்பே அப்படி.

லக்னோ, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு ஆலைகளில் 2005–07இல் நடந்த இந்திய இடப்பெயர்வு ஆய்வு, நகரத்துக்கு வந்த தொழிலாளரைக் கிராமத்திலேயே தங்கிய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டது. ஆண்களில் சர்க்கரை நோய் கிராமத்தாருக்கு 6.2 விழுக்காடு, இடம்பெயர்ந்தோருக்கு 14.3 விழுக்காடு. நகரம் வந்த முதல் பத்தாண்டுகளில் உடல் கொழுப்பு வேகமாக ஏறுகிறது. ரத்த அழுத்தம் மெல்லக் கூடுகிறது.

ஒல்லியாக இருப்பவருக்கும் ஆபத்து உண்டு. கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் சத்துக் குறைந்து வளர்ந்த உடம்பு, பின்னாளில் கிடைக்கும் கூடுதல் உணவை வயிற்றுக் கொழுப்பாகச் சேர்க்க வல்லது. பீகார், ஒடிசாவிலிருந்து கொங்கு ஆலைகளுக்கு வரும் இளைஞர்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே அதிக எடை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடைக்கருவியைவிட அளவுநாடாவே இங்கு நம்பத்தக்கது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. பகலில் வீட்டில் இல்லாத தொழிலாளருக்காக 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தது. பெரிய ஆலைகளோடு நில்லாமல், சிறு யூனிட்டுகளுக்கும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் அறைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.