ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயப் படகு: நீரைத் தொட்டும் தொடாமலும் ஓடிய வரலாறு

ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயப் படகு என்பது, கரையில் நிற்பவர் தம் கையிலுள்ள கருவியிலிருந்து அனுப்பும் ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறிய விசைப்படகு ஆகும். பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போல் இருந்தாலும், இதை நேராக ஓடச் செய்வதும் கவிழாமல் திருப்புவதும் எளிதல்ல. மின்கலத்தை அரை அங்குலம் நகர்த்தினாலே படகின் போக்கு மாறிவிடும். சுழலியை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய படகு இன்று மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் அடிக்கும்.

இந்தச் சிறு மாற்றங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. பெரிய படகுகளில் மனிதர்கள் ஏறி ஓட்டி, சிலர் உயிரையும் கொடுத்துக் கற்ற பாடங்களே இன்று மாதிரிப் படகின் திருகாணிகளாகவும் தகடுகளாகவும் இருக்கின்றன. அந்தப் பாடங்கள் எங்கிருந்து வந்தன, படகைச் சரிசெய்யும்போது அவை எப்படிப் பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீரைக் கிழிப்பதும் நீர்மேல் சறுக்குவதும்

சாதாரணப் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கிறது. அது வேகமாகச் செல்ல முயன்றால் முன்னும் பின்னும் அலைகள் எழும். எந்திரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த அலைகளை உண்டாக்குவதிலேயே செலவாகிவிடும். ஆகவே, ஒரு வரம்புக்கு மேல் எந்திரத்தைப் பெரிதாக்கினாலும் வேகம் அதற்கேற்பக் கூடாது.

குளக்கரையில் ஓட்டாஞ்சில்லை நீர்மட்டத்தோடு சாய்த்து வீசியவர்களுக்கு மற்றொரு வழி தெரியும். சில்லு மூழ்காமல் தத்தித் தத்திப் போகிறது. தட்டையான அடிப்பகுதி வேகமாக நீர்மேல் படும்போது, நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. இப்படி நீர்மேல் சறுக்கி ஓடும் படகை ஹைட்ரோபிளேன் என்பர்.

1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் மீட் ராமஸ் என்ற பாதிரியார், அடிப்பகுதியில் படி வைத்த கப்பல் ஒன்றை அமைக்கலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைக்கு யோசனை சொன்னார். அதைச் சோதிக்கும் பொறுப்பு வில்லியம் புரூடு என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் மாதிரி வடிவங்களை இழுத்துப் பார்த்து, அன்றைய கனமான நீராவி எந்திரங்களால் இது நடவாது என்று முடிவு சொன்னார். கருத்து சரியானதே, அதைச் செயல்படுத்தும் எந்திரம்தான் அப்போது இல்லை. எடை குறைந்த பெட்ரோல் எந்திரம் வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைட்ரோபிளேன்கள் உண்மையாகவே ஓடத் தொடங்கின.

புரூடின் விதி

புரூடு கண்டறிந்த விதி ஒன்று மாதிரிப் படகு ஓட்டுபவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. ஒரே வடிவமுள்ள இரண்டு படகுகள் நீரில் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டுமானால், அவற்றின் வேகங்கள் நீளங்களின் வர்க்கமூல விகிதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 9 மீட்டர் நீளமுள்ள பந்தயப் படகையும் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மாதிரியையும் எடுத்துக்கொள்வோம். நீளங்களின் விகிதம் 15. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.87. மாதிரிப் படகு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அது பெரிய படகு மணிக்கு 232 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு ஒப்பாகும்.

இன்று கடையில் வாங்கும் நடுத்தர மாதிரிப் படகுகள்கூட மணிக்கு 60 கிலோமீட்டரை எளிதில் எட்டுகின்றன. அதாவது, 1930களில் உலகச் சாதனைக்காக ஓடிய படகுகள் சந்தித்த அதே சிக்கல்களை அவை சந்திக்கின்றன. சிறிய படகு ஏன் இவ்வளவு எளிதில் பறந்து கவிழ்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்று புள்ளிகளில் நிற்றல்

தொடக்க கால ஹைட்ரோபிளேன்களின் அடியில் குறுக்கே ஒரு படி இருக்கும். படகு அந்தப் படியின் மீதும் பின்பகுதியின் மீதும் சறுக்கும். வேகம் கூடும்போது அது முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும்.

1930களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வென்ட்னர் படகுப் பட்டறையை நடத்திய அடால்ப் ஏபெல், ஆர்னோ ஏபெல் ஆகியோர் மூன்று புள்ளி அமைப்பை வளர்த்தனர். முன்பக்கம் இருபுறமும் ஸ்பான்சன் எனப்படும் மிதவைபோன்ற உறுப்புகள் இருக்கும். படகு அந்த இரண்டின் மீதும் பின்பகுதியின் மீதும் மட்டும் சறுக்கும். முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, மூன்று புள்ளிகளில் தங்கிய படகு உறுதியாக ஓடியது. 1939 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் மால்கம் கேம்பெல் ஓட்டிய புளூபேர்ட் கே4 இவ்வகையைச் சேர்ந்தது. அது மணிக்கு 141.74 மைல் (சுமார் 228 கிலோமீட்டர்) வேகத்தை எட்டியது.

அடுத்த பாய்ச்சல் 1950 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் ஏரியில் நிகழ்ந்தது. டெட் ஜோன்ஸ் வடிவமைத்து, ஆங்கர் ஜென்சன் கட்டி, ஸ்டான்லி சேயர்ஸ் ஓட்டிய ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு மணிக்கு 160.32 மைல் (சுமார் 258 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடி, கேம்பெலின் சாதனையை முறியடித்தது. வேகம் பிடித்ததும் அதன் பின்பகுதியே நீரைவிட்டு எழுந்தது. இரண்டு ஸ்பான்சன்களின் நுனிகளும் சுழலியின் கீழ்ப்பாதியும் மட்டுமே நீரைத் தொட்டன. சுழலி படகைத் தள்ளியதோடு, அதன் பின்பகுதியைத் தாங்கும் மூன்றாவது காலாகவும் இருந்தது. இன்றைய மாதிரிப் பந்தயப் படகுகளில் பெரும்பாலானவை சுழலியைப் பாதி நீரிலும் பாதிக் காற்றிலும் வைத்தே ஓடுகின்றன.

காற்று தூக்கிய படகுகள்

நீரின் தடை குறைந்ததும் காற்று புதிய எதிரியாயிற்று. நீரை அரைகுறையாகத் தொட்டு ஓடும் படகின் அடியில் காற்று புகுந்து அதை மேலே தூக்குகிறது. மூக்கு சற்று அதிகம் உயர்ந்தால் தூக்குவிசை இன்னும் கூடும். மூக்கு மேலும் உயரும். அந்த நிலை வந்துவிட்டால் ஓட்டுநரால் எதுவும் செய்ய இயலாது.

மால்கமின் மகன் டொனால்டு கேம்பெல், ஜெட் எந்திரம் பொருத்திய புளூபேர்ட் கே7 படகில் 1955 முதல் 1964 வரை ஏழுமுறை நீர்வேகச் சாதனை படைத்தார். 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் மணிக்கு 300 மைலைத் தாண்ட முயன்றபோது, படகின் மூக்கு உயர்ந்து, படகு நீரைவிட்டெழுந்து பின்புறமாகப் புரண்டது. அவர் உயிரிழந்தார். 1981இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் பில் மன்சியும், 1982இல் வாஷிங்டன் மாநிலத்தில் டீன் செனோவெத்தும் தங்கள் ஹைட்ரோபிளேன்கள் இப்படியே பின்புறமாகப் புரண்டதில் இறந்தனர். இருவரும் அக்காலத்தின் முன்னணி ஓட்டுநர்கள். இதன்பின் பந்தயப் படகுகளில் போர் விமானத்தின் மூடிய அறை போன்ற பாதுகாப்பு அறை வந்தது.

மாதிரிப் படகு புரண்டால் நமக்கு நட்டம் ஒரு சுழலியோ சில மின்னணு உறுப்புகளோதான். ஆனால் அதைப் புரட்டும் விசை அவர்களைக் கொன்ற அதே விசையாகும்.

கரையிலிருந்து ஓட்டுதல்

ஆளில்லாப் படகைக் கரையிலிருந்து இயக்கும் எண்ணத்தை மக்கள் முன் முதலில் செய்துகாட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் மேடிசன் ஸ்குயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அவருக்கு 613,809 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அக்காலத்தில் அலையை உணர உலோகத் தூள் அடைத்த குழாயைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் அந்தத் தூளைக் கலைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாதிரிப் பந்தயம் இதற்குத் தனியாக வளர்ந்தது. பிரிட்டனில் மாதிரி விசைப்படகுச் சங்கம் 1924இல் தோன்றியது. அக்கால வேகப் படகுகள் குளத்தின் நடுவே நட்ட கம்பத்தில் கயிற்றால் கட்டப்பட்டு, வட்டமாகச் சுற்றின. அவற்றுக்கு நேரே ஓடினால் போதும். திரும்பத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேடியோ கருவிகள் சிறுத்து மலிந்தன. 1950களின் எளிய கருவியில் ஒரே பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலப்புறம் போகும், விட்டால் நடுவுக்கு வரும், மறுமுறை அழுத்தினால் இடப்புறம் போகும். 1960களில் குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கான் திரும்பும் கருவிகள் வந்தன. அதன் பிறகே படகைத் திருப்பும் திறமை பந்தயத்தின் உயிராயிற்று. 2000களில் பிரஷ் இல்லாத மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் மின்கலமும் வேகத்தைப் பன்மடங்காக்கின. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள், ஒருவர் அலை மற்றவர் படகில் குறுக்கிடும் பழைய தொல்லையைப் பெரிதும் நீக்கின.

வரலாறு கற்பித்த சரிசெய்முறைகள்

எடைச் சமநிலை. முதலில் கவனிக்க வேண்டியது ஈர்ப்பு மையம். V வடிவ அடிப்பகுதி கொண்ட படகில், பின்பலகையிலிருந்து நீளத்தின் 30 விழுக்காடு தொலைவில் அது இருப்பது நல்ல தொடக்கம். 60 சென்டிமீட்டர் படகுக்கு இது 18 சென்டிமீட்டர். எல்லா உறுப்புகளையும் மின்கலத்தையும் பொருத்திய பிறகே இதை அளக்க வேண்டும். எடை மிகவும் பின்னால் இருந்தால் மூக்கு இலேசாகிக் காற்றில் எழும். மிகவும் முன்னால் இருந்தால் மூக்கு நீரில் புதையும். திருப்பத்தில் படகு திடீரென்று சுழலும். மின்கலத்தை 5 மில்லிமீட்டர் அளவில் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்கலாம்.

சுழலியின் ஆழமும் கோணமும். சுழலித் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற உறுப்பை ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் முடியும். அதை இறக்கினால் சுழலி நீரில் ஆழமாக இயங்கிப் பின்பகுதியைத் தூக்கும், மூக்கு தாழும். உயர்த்தினால் பின்பகுதி இறங்கும், மூக்கு எழும். தண்டின் பின்நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தள்ளுவிசை பின்பகுதியை உயர்த்தும். மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அதைக் கீழே இழுக்கும். முதலில் தண்டைப் படகின் அடித்தளத்துக்கு இணையாக வைத்துவிட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டராக மாற்ற வேண்டும். ஸ்லோ-மோ-ஷன் 4 கண்ட மூன்றாவது கால் இதுவே.

டிரிம் தகடுகள். பின்பலகையில் இருபுறமும் உள்ள இச்சிறு தகடுகளைச் சற்றுக் கீழே வளைத்தால் பின்பகுதி எழுந்து மூக்கு தாழும். குதிரை தலையாட்டுவதுபோலப் படகு குதித்துக் குதித்து ஓடினால், முதலில் எடையை முன்னே நகர்த்தி, அதன் பின் தகடுகளைத் தொட வேண்டும். தகடு நீரில் இழுவையைக் கூட்டும் என்பதால் அதைக் கடைசி மருந்தாகவே கொள்வது நல்லது.

திருப்புச் செதில். தட்டையான அடியுள்ள ஹைட்ரோபிளேனுக்கு நீரில் பிடிமானம் இல்லை. சுக்கானைத் திருப்பினால் அது எண்ணெய்மீது வழுக்குவதுபோலப் பக்கவாட்டில் நழுவும். ஸ்பான்சன் அருகே நீரில் இறங்கும் செங்குத்துச் செதில் இதைத் தடுக்கிறது. பெரிய ஹைட்ரோபிளேன் பந்தயங்கள் இடஞ்சுழியாக நடப்பதால் செதில் இடப்பக்கம் இருக்கும். அமெரிக்க மாதிரிப் பந்தயங்கள் வலஞ்சுழியாக நடப்பதால் அங்கே அது வலப்பக்கம் இருக்கும். செதில் படகு செல்லும் திசைக்கு இணையாக, வளைவின்றிக் கூர்மையாக இருக்க வேண்டும். சிறிது கோணியிருந்தாலும் நேர்வழியில்கூடப் படகு ஒருபக்கம் இழுக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக

மேலே சொன்னவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஸ்ட்ரட்டை இறக்குவதும் மின்கலத்தை முன்னே தள்ளுவதும் மூக்கைத் தாழ்த்துகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எதனால் படகு மாறியது என்று தெரியாது. ஆகவே ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, காற்றின் நிலை, நீரின் நிலை, செய்த மாற்றம், கண்ட விளைவு ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அமைதியான நீரில் நன்றாக ஓடும் படகு, எதிர்க்காற்றில் புரளக்கூடும். சோதனை ஓட்டத்தை நீந்துவோர் இல்லாத இடத்தில், பாதி வேகத்தில் தொடங்குவதே முறை.

ராமஸ் பாதிரியாரின் யோசனை நிறைவேற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. நீர்மேல் எழுந்தால் வேகம் கிடைக்கும் என்று அவர் கண்டார். நீரை முழுதாக விட்டுவிட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்பதைப் பின்வந்தவர்கள் பெரும் விலை கொடுத்து அறிந்தனர். நல்ல பந்தயப் படகு இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. அந்த நடுநிலையைத் தேடுவதே படகைச் சரிசெய்தல் என்பதன் பொருள்.