ஏவிஆர் நுண்கட்டுப்படுத்திகளில் பிட் கையாளுதல்

பிட் கையாளுதல் என்பது ஒரு பைட்டின் மற்ற பிட்டுகளைத் தொடாமல், வேண்டிய பிட்டை மட்டும் 1 ஆக்குவது, 0 ஆக்குவது, புரட்டுவது, சோதிப்பது. எல்இடி, மோட்டார், பொத்தான் என எதை இணைத்தாலும் சில்லின் பதிவகத்தில் அதற்கென ஒரு பிட் இருக்கும். ஏவிஆர் வகையைச் சேர்ந்த அட்டைனி85 சில்லில் நிரலுக்கு 8 கிலோபைட், தரவுக்கு வெறும் 512 பைட். அதனால் எட்டு ஆம்-இல்லை நிலைகளை ஒரே பைட்டில் அடக்குவது அங்கே பெரிய சேமிப்பு.

வேண்டிய பிட்டில் மட்டும் 1 உள்ள மாஸ்க்குடன் ஆர் செய்தால் பிட் 1 ஆகும், தலைகீழாக்கிய மாஸ்க்குடன் அண்ட் செய்தால் 0 ஆகும், எக்ஸார் புரட்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் சி மொழியின் ஒரே வரி, சில்லுக்குச் சில்லு வேறு ஆணைகளாகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆர்டுயினோ உனோவின் அட்மெகா328பி-யில் 13-ஆம் முனை, போர்ட் பி-யின் 5-ஆம் பிட். அந்தப் பதிவகம் முதல் 32 உள்ளீட்டு-வெளியீட்டு முகவரிகளுக்குள் இருப்பதால் எஸ்பிஐ என்ற ஒரே ஆணை போதும்: 2 கடிகாரச் சுழற்சி, நடுவே குறுக்கீடு (இன்டரப்ட்) நுழைய வழியில்லை. ஆர்டுயினோ மெகாவின் அட்மெகா2560-இல் போர்ட் எச் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே படி, மாற்று, எழுது என 3 ஆணைகள், 5 சுழற்சிகள். இடையில் குறுக்கீடு வந்து அதே போர்ட்டின் இன்னொரு பிட்டை மாற்றினால் அந்த மாற்றம் தொலைந்துபோகும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் இத்தகைய பிழையைப் பிடிப்பது மிகக் கடினம். அந்தச் சில சுழற்சிகளுக்குக் குறுக்கீட்டை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.

குறுக்கீட்டுக் கொடிகளின் கதை வேறு. அட்டைனி85-இல் டைமர் கொடியை அழிக்க அதன் பிட்டில் 1 எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் ஆர் செய்தால், அப்போது எழும்பியிருக்கும் மற்றக் கொடிகளும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தப் பிட் மட்டும் 1 ஆக உள்ள மதிப்பை நேரடியாக எழுதிவிட வேண்டும்.

முனையைப் புரட்ட எக்ஸார்கூடத் தேவையில்லை: போர்ட்டின் PIN பதிவகத்தில் அந்த முனைக்கான பிட்டில் 1 எழுதினால் போதும். பழைய அட்மெகா8-இல் இந்த வசதி கிடையாது.

ஓர் எண்ணில் எத்தனை 1-கள் உள்ளன என்று எண்ண, பீட்டர் வெக்னர் 1960-இல் வெளியிட்ட முறை இன்றும் அழகானது. 01101000-இலிருந்து 1-ஐக் கழித்தால் 01100111; இரண்டையும் அண்ட் செய்தால் 01100000. கடைசி 1 மட்டும் மறைகிறது. பூச்சியம் வரும்வரை செய்த தடவைகளே 1-களின் எண்ணிக்கை.

ஏவிஆரில் வகுத்தல் ஆணை இல்லை. மீதி காண்பது நீண்ட வேலை. எனவே, முடிவை எட்டியதும் தொடக்கத்துக்குத் திரும்பும் 16 இடமுள்ள வளைய இடையகத்தில் சுட்டெண்ணை ஒன்று கூட்டி 15-உடன் அண்ட் செய்கிறார்கள். 16 வந்ததும் அது 0 ஆகிவிடும். அளவு 2-இன் அடுக்காக இருந்தால் மட்டுமே இது செல்லும். 20 இடமுள்ள இடையகத்துக்கு, 20 வந்ததா என்று ஒப்பிட்டுப் பூச்சியமாக்குவதே எளிய வழி.