கத்தியில்லா வாசெக்டமி: ஆண்கள் அறிய வேண்டியவை

ஈப்போ – குழந்தைகள் போதும் என்று முடிவெடுத்த பிறகு, கருத்தடைப் பொறுப்பைப் பல வீடுகளில் மனைவியே சுமக்கிறார். மாத்திரை, ஊசி, கருக்குழாய் அறுவை சிகிச்சை என எல்லாம் அவர் உடலில்தான். ஆண்களுக்கான வாசெக்டமியோ அந்த அறுவை சிகிச்சையைவிட எளிதானது. வயிற்றைத் திறக்க வேண்டாம். முழு மயக்கமும் பொதுவாகத் தேவையில்லை.

இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நீடித்த அவசரநிலைக் காலத்தில் ஆண்கள் பலருக்கு இது கட்டாயப்படுத்திச் செய்யப்பட்டது. அதனால் ஏற்பட்ட கெட்ட பெயர் இன்னும் முழுமையாக நீங்கவில்லை. மலேசியாவில் இது சம்மதத்தின் பேரில் மட்டுமே செய்யப்படும் சிகிச்சை.

எப்படிச் செய்வார்கள்?

கத்தியில்லா முறையை 1974-இல் சீனாவின் சிச்சுவான் மாநில மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கினார். விதைப்பைத் தோலை ஊசியால் மரத்துப்போகச் செய்து, கூர்முனை இடுக்கியால் சிறு துளையிடுவர். அதன் வழியே இரு விந்துக்குழாய்களையும் எடுத்துத் துண்டித்து, முனைகளை அடைத்துவிடுவர். பொதுவாகத் தையல் இல்லை. சுமார் 15 முதல் 30 நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். குழாயை எடுக்கும்போது அடிவயிற்றில் இழுப்பது போலத் தோன்றலாம்.

ஆண்மை குறையுமா?

குறையாது. ஆண் ஹார்மோன் விதையிலிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. விந்துக்குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆசை, விறைப்பு, உடல் பலம் எதுவும் மாறாது. விந்தும் வழக்கம்போல வெளியேறும். அதில் உயிரணுக்கள் மட்டும் இருக்காது.

வேலைக்கு எப்போது போகலாம்?

நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை என்றால் 2, 3 நாட்களில் திரும்பலாம். செம்பனைக் குலை வெட்டுவோர், மூட்டை தூக்குவோர் குறைந்தது ஒரு வாரமாவது கனம் தூக்கக் கூடாது. மருத்துவ விடுப்பு எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. முதல் 2 நாட்கள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை ஆகியவை வீக்கத்தைக் குறைக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கவனம்

பலர் தவறுவது இங்கேதான். சிகிச்சை முடிந்த அன்றே கருத்தடை ஏற்பட்டுவிடாது. குழாயில் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் வெளியேற ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை போன்ற வேறு கருத்தடை முறை கட்டாயம். பின்னர் விந்துப் பரிசோதனை செய்து, உயிரணுக்கள் இல்லை என்று மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகே அதை நிறுத்தலாம். அதன் பிறகும் கரு உண்டாகும் வாய்ப்பு சுமார் 2,000-இல் ஒன்று. பால்வினை நோய்களை வாசெக்டமி தடுக்காது.

இலேசான வலியும் கன்றிப்போவதும் சில நாட்களில் மறையும். நூற்றில் ஓரிருவருக்கு வலி நீண்ட காலம் நீடிக்கலாம். காய்ச்சல், சீழ், நிற்காத இரத்தக்கசிவு, பெரிதாகும் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் அது வெற்றி பெறும் என்ற உறுதி இல்லை. எனவே இதை நிரந்தரம் என்றே கருதி, கணவன் மனைவி இருவரும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். விருப்பமுள்ளோர் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் விசாரித்து, எந்த மருத்துவமனைக்குச் செல்லலாம் என்று கேட்டறியலாம்.