மறைமுகக் கலோரி அளவியல்

மறைமுகக் கலோரி அளவியல் என்பது, ஒரு விலங்கு பயன்படுத்தும் ஆக்சிசனையும் அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, அதன் உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிடும் முறையாகும். உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையே அளப்பது நேர்முகக் கலோரி அளவியல் எனப்படும். இம்முறையில் வெப்பம் அளக்கப்படுவதில்லை. வளிகளின் அளவிலிருந்து கணிக்கப்படுகிறது.

அடிப்படை

உடலில் ஒரு லிட்டர் ஆக்சிசன் பயன்படும்போது ஏறத்தாழ 20 கிலோஜூல் (சுமார் 4.8 கிலோகலோரி) ஆற்றல் வெளிப்படுகிறது. எரிவது மாவுப்பொருளாயினும் கொழுப்பாயினும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. இம்முறை இயல்வதே இதனால்தான். வெளியிடப்பட்ட கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தப்பட்ட ஆக்சிசனால் வகுத்தால் கிடைப்பது சுவாச ஈவு. இது மாவுப்பொருளுக்கு 1.0, கொழுப்புக்குச் சுமார் 0.7, புரதத்துக்குச் சுமார் 0.8 ஆகும்.

வெயர் என்பவர் 1949இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது:

ஆற்றல் (கிலோகலோரி) = 3.94 × ஆக்சிசன் (லிட்டர்) + 1.11 × கார்பன் டை ஆக்சைடு (லிட்டர்)

எடுத்துக்காட்டாக, ஓய்வில் உள்ள ஒருவர் நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிசனைப் பயன்படுத்தி, 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டால், அவரது ஒரு நாள் செலவு சுமார் 1,740 கிலோகலோரி ஆகும்.

வரலாறு

1782-83 குளிர்காலத்தில் இலவாசியேயும் இலப்லாசும் பாரிசில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்தனர். உருகிய பனிக்கட்டியின் அளவை, அவ்விலங்கு வெளியிட்ட வளியின் அளவுடன் ஒப்பிட்டு, சுவாசம் மெதுவான எரிதலே என்று காட்டினர். 1892இல் ஆல்டேன் சிறு விலங்குகளுக்கான கருவியை அமைத்தார். 1911இல் அறிமுகமான டக்ளசு பையில் மனிதரின் வெளிமூச்சைச் சேர்த்துப் பகுப்பாய்வு செய்ய இயன்றது.

சென்னை ஆய்வு

சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த எலினோர் மேசனும், பாசுடன் நகரின் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தைச் சேர்ந்த பிரான்சிசு பெனடிக்டும், தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதத்தை அளந்து 1931இல் வெளியிட்டனர். அமெரிக்க அளவுகோல்களைவிட அது சுமார் 17 விழுக்காடு குறைவாக இருந்தது. 1934இல் உறக்கத்தின்போதான வீதம் பற்றிய ஆய்வையும் வெளியிட்டனர்.

இக்குறைவு இனத்தாலா, வெப்பநிலையாலா, உணவாலா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இது வெறும் ஏட்டு விவாதமன்று. ஒரு மக்கள் தொகைக்குத் தேவையான உணவின் அளவு இவ்வீதத்தை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது; வீதம் குறைந்தால் தேவை எனக் காட்டப்படும் உணவும் குறையும். 1980களின் இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு, பன்னாட்டுச் சமன்பாடுகள் தரும் மதிப்பை இந்தியர்களுக்கு 5 விழுக்காடு குறைத்தே எடுத்துக்கொண்டது. ஆனால் மரியோ சோரசு முதலானோர் 1998இல் இந்திய, ஆத்திரேலியத் தரவுகளை ஒப்பிட்டபோது, கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் கொண்டால் இன வேறுபாட்டுக்குச் சான்றில்லை எனக் கண்டனர். ஆகவே, மூச்சை அளப்பது போலவே எந்த எடையால் வகுக்கிறோம் என்பதும் முக்கியமானதாகும்.

அசைபோடும் விலங்குகள்

மாடு, ஆடு போன்றவற்றில் கணக்கு சற்றுச் சிக்கலானது. முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. அக்கார்பன் டை ஆக்சைடு மாட்டின் திசுக்களில் எரிந்ததால் வந்ததன்று. எனவே சுவாச ஈவை மட்டும் நம்ப இயலாது. 1965இல் வெளியான புரூவர் சமன்பாடு, மீத்தேனுக்கும் சிறுநீர் நைட்ரசனுக்கும் உரிய அளவைக் கழித்துக்கொள்கிறது. விலங்கை மூடிய அறையில் நிறுத்தி, உள்ளே செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் ஒப்பிடுவது வழக்கம். புதிய இடத்தில் மிரளும் மாடு கூடுதல் ஆற்றலைச் செலவிடும் என்பதால், முன்னதாகவே அறைக்குப் பழக்க வேண்டும்.

குறைபாடுகள்

முகமூடியிலோ அறையிலோ சிறு கசிவு இருந்தாலும் கணக்குத் தவறும். மனிதரில் அடிப்படை வீதத்தை அளக்கச் சுமார் 12 மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். கடும் உழைப்பில் ஆக்சிசனின்றி வெளிப்படும் ஆற்றலை இம்முறை உடனடியாகக் காட்டாது. மேய்ச்சல் நிலத்தில் திரியும் மாட்டையோ பறக்கும் பறவையையோ அறையில் அடைத்து அளக்க முடியாது. அவற்றுக்கு, 1950களில் இலிப்சன் முதலானோர் உருவாக்கிய இரட்டை ஓரிடத்தான் நீர் முறை பயன்படுகிறது. அதிலும் கணக்கிடப்படுவது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடே ஆகும்.