பழைய தளமும் புதிய தளமும்



பள்ளிவாசலை விரிவுபடுத்தும் ஊர்களில் பணி முடிந்த கையோடு ஒரு கேள்வி எழுவதுண்டு. "புதிய தளம் வெளேரென்று இருக்கிறது, பழையது கறுத்துக் கிடக்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?" என்பதே அது. விடை கூறுமுன், இத்தளங்கள் நம் பகுதிக்கு வந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

மதுரைச் சீமையின் பழங்கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பின் துணையால் எழுந்தவை. 1636-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் செங்கல் வளைவுகளைச் சுண்ணச் சாந்தே தாங்கி நிற்கிறது. சிதைந்து கிடந்த அதனை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். சுண்ணாம்புக் கட்டடத்தில் புதுப் பூச்சுக்கும் பழம் பூச்சுக்கும் நிற பேதம் தோன்றினால் ஒரு முறை வெள்ளையடித்தால் போதும், பேதம் மறைந்துவிடும்.

சிமெண்ட்டின் கதை வேறு. 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, போர்ட்லேண்ட் என்னும் ஊரின் கட்டடக் கல்லை ஒத்திருப்பதாகக் கூறி அப்பெயரையே சூட்டினார். கல்லைப்போல் தோன்றவேண்டும் என்ற ஆசை அதன் பெயரிலேயே இருக்கிறது! நம் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டியை அடுத்த ராமசாமிராஜா நகரிலும், 1970-இல் ஆலங்குளத்திலும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. அதன்பின் சிமெண்ட் எளிதில் கிடைக்கவே, சுண்ணாம்புத் தளம் போடும் கொத்தனார்கள் அருகிப் போயினர்.

புதிய தளத்தின் வெண்மைக்குக் காரணம் யாது? சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது அதனுள்ளே சுண்ணாம்பு பிறக்கிறது. ஈரத்தோடு அது மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடி வெண்படலமாகிறது. மழையும் மிதியும் காலப்போக்கில் அப்படலத்தைக் கரைத்துவிட, கீழேயுள்ள மணலின் நிறம் தெரிகிறது. ஒளுச் செய்யும் இடம்போல் ஈரம் காயாத பகுதிகளில் பாசியும் பூஞ்சையும் படிந்து மேலும் கறுக்கிறது. ஆக, புதியது சுத்தமாயிருப்பதால் வெளுத்திருக்கவில்லை, இளமையால் வெளுத்திருக்கிறது. அன்றைய தளத்தில் ஆற்று மணல், இன்று எம்-சாண்ட். அன்று வெறும் சிமெண்ட். இன்று அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. எவ்வளவு தேய்த்தாலும் இவ்விரண்டும் ஒரே நிறமாகா.

ஆசிட் அழுக்கை மட்டும் அரிப்பதில்லை. சிமெண்ட்டையே தின்று மணலை வெளிக்காட்டும். அதனால் தளம் சொரசொரப்பாகி, முன்னிலும் விரைவாக அழுக்கைப் பிடிக்கும். கம்பி கட்டிய மேல்தளமாயின் ஆசிட்டின் குளோரைடு உள்ளிறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருக்கும்போது தளம் வெடிக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. எழும் குளோரின் வாயு உயிரையே பறிக்கும். பள்ளிகளின் கழிவறை அலமாரிகளில் இரண்டும் அருகருகே இருப்பதைக் காணும்போது நெஞ்சம் பதறுகிறது.

வெளுக்க வேண்டும் என்ற அவசரம் கல்லையும் விடவில்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிக் கற்களைத் தேய்த்தனர். கல் பளிச்சிட்டது, ஆனால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. அறிஞர்கள் எதிர்த்தபின் அம்முறைக்குத் தடை வந்தது. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவில், பாண்டியர் அளித்த நிலக்கொடையை 1573-இல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த கல்வெட்டு உண்டு. அதன்மேல் அப்படி மணல் பீய்ச்சப்பட்டிருந்தால் அக்கொடைக்கு எதனைச் சான்றாகக் காட்டுவோம்?

தேய்க்காமல் துடைக்கும் வழியும் உண்டு. தாஜ்மஹாலில் மஞ்சள் படிந்த சலவைக்கல்லின்மீது 1994 முதல் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, அது அழுக்கை உறிஞ்சிக் காய்ந்தபின் நீரால் கழுவி எடுக்கின்றனர்.

நம் சிமெண்ட் தளத்திற்கு அவ்வளவு கூட வேண்டியதில்லை. பாசிக்கு நீர்த்த பிளீச்சிங் பவுடர்க் கரைசலும் தென்னை விளக்குமாறும் போதும். பின்னர் நிறைய நீர்விட்டு அலசிவிடவேண்டும். முதலில் செருப்பு விடும் மூலையில் ஒரு முழம் அளவு கழுவிக் காயவிட்டுப் பார்க்கலாம். ஈரத்தில் பார்த்து நிறம் முடிவு செய்யலாகாது. தண்ணீர் தேங்கும் சரிவைச் சரிசெய்யாவிடில் அடுத்த ஐப்பசி மழைக்கே பாசி திரும்பிவிடும். புதிய தளத்தை ஓரிரு மழைக்காலம் அப்படியே விட்டுவைத்தால், அதன் வெண்மையும் தானே தணிந்து பழையதை நெருங்கி வரும்.